பட்டியலில் இல்லாத மருத்துவமனை

தமிழ்நாட்டில் அரசு ஊழியரின் சம்பளத்திலும் ஓய்வூதியரின் பென்ஷனிலும் மாதாமாதம் மருத்துவக் காப்பீட்டுக்கென்று ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. ஊழியர்களுக்காக 2008-ல் ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வழியாகத் தொடங்கிய ஏற்பாடு இது. 2012 ஜூலையில் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் இதை ஏற்றது. ஓய்வூதியர்களுக்கான தனித் திட்டம் 2014 ஜூலையில் வந்தது. அரசே பில்லைப் பார்த்துப் பணம் திருப்பித் தரும் பழைய முறையின் இடத்தில், காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்கு நேரே பணம் கட்டும் முறை வந்ததுதான் இதில் சீர்திருத்தம். நோயாளி கையிலிருந்து காசு எடுக்க வேண்டியதில்லை என்பது அதன் வாக்குறுதி.

வாக்குறுதியோடு ஒரு பட்டியலும் வந்தது. நிறுவனம் எந்தெந்த மருத்துவமனைகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறதோ அவை ‘நெட்வொர்க்’ மருத்துவமனைகள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று அங்கே முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பேக்கேஜ். நோயாளி சேர்ந்ததும் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையிலிருந்து விவரம் டிபிஏ எனப்படும் இடைநிலை நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து ஒப்புதல் வந்ததும் பில் காப்பீட்டுக் கணக்கில் ஏறும். நெட்வொர்க்குக்கு வெளியே போனால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட இல்லை.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரை எடுத்துக்கொண்டால் சிக்கல் விளங்கும். இரவு ஒரு மணிக்கு நெஞ்சுவலி. தாலுகா அரசு மருத்துவமனையில் ஈசிஜி பார்த்து, பெரிய இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். காஞ்சிபுரம் சுமார் 30 கிலோமீட்டர்; செங்கல்பட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். காரில் உட்கார்ந்திருக்கும் மகன் நெட்வொர்க் பட்டியலைத் தேடிப் பார்க்கப்போவதில்லை. இதய சிகிச்சைக்கு ஆள் இருக்கும் முதல் மருத்துவமனையில் வண்டி நிற்கும். ஸ்டென்ட் வைக்கிறார்கள், உயிர் பிழைக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய பில்லை டிஸ்சார்ஜ் சம்மரியோடு அனுப்பினால், சில மாதம் கழித்து ஒற்றை வரியில் பதில் வரும்: மருத்துவமனை பட்டியலில் இல்லை. பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கே போயிருந்தாலும், செய்த சிகிச்சை பட்டியலில் இல்லை என்று பதில் வரலாம். ஆக, பட்டியல்கள் இரண்டு.

இந்த ஒற்றை வரியை எதிர்த்துத்தான் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் ரிட் மனுக்கள் குவிந்தன. முதலில் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான அதிகாரக் குழுவிடம் முறையிட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. அங்கே தள்ளுபடியானால் நீதிமன்றம். மனுவில் எதிர்மனுதாரர் வரிசை நீளும்: நிதித்துறைச் செயலர், ஆட்சியர், கருவூல அதிகாரி, காப்பீட்டு நிறுவனம், டிபிஏ. பிரீமியம் கட்டிவிட்டோம், இனி நிறுவனத்தின் பொறுப்பு என்பது அரசின் வாதம். ஒப்பந்தத்தில் எழுதியதற்கு மட்டுமே நாங்கள் பொறுப்பு என்பது நிறுவனத்தின் வாதம். இரண்டுமே ஒப்பந்தப்படி தவறில்லை. நடுவில் நிற்பவர் கையில்தான் பில் இருக்கிறது.

2010-ல் ஸ்டார் ஹெல்த் தொடுத்த மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு இந்த வகை வழக்குகளில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறது. மருத்துவமனை பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்தால் கோரிக்கையை மறுக்க முடியாது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் இரு திசையிலும் பேசியிருக்கிறது. 1996-ல் சுர்ஜித் சிங் வழக்கில், அவசரத்தில் உயிரைக் காத்துக்கொள்வது மனிதனின் உரிமை, வரிசையில் காத்திருக்கச் சொல்ல முடியாது என்றது. 1998-ல் ராம் லுபாயா பக்கா வழக்கில், அரசின் கஜானாவுக்கும் எல்லை உண்டு, கட்டணத்துக்கு வரம்பு வைப்பது தவறல்ல என்றது. 2018 ஏப்ரலில் சிவ காந்த் ஜா வழக்கில், பார்க்க வேண்டியது சிகிச்சை உண்மையில் நடந்ததா, ஆவணம் இருக்கிறதா என்பதைத்தான்; பட்டியலில் பெயர் இல்லை என்று கதவைச் சாத்தக் கூடாது என்று சொன்னது. அது மத்திய அரசின் சிஜிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தில் இருந்த ஓய்வூதியர் வழக்கு, காப்பீட்டு வழக்கே அல்ல. ஆனாலும் தமிழ்நாட்டு ஓய்வூதியர்களின் மனுக்களில் அதற்குத் தனி மதிப்பு.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இந்தத் தீர்ப்புகளால் என்ன வந்தது? நெட்வொர்க் என்பது அதற்கு வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை, விலைப் பட்டியல். பேசிய விலையை நம்பித்தான் டெண்டரில் பிரீமியம் எழுதுகிறது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கு. நடுவில் ஒரு தீர்ப்பு வெளி மருத்துவமனையின் பில்லையும் தலையில் ஏற்றினால், பிரீமியத்தை உடனே கூட்ட வழியில்லை. அடுத்த டெண்டரில்தான் ஈடுகட்ட முடியும். ஊழியர்களிடம் பிடித்த தொகை 2012-ல் மாதம் 150 ரூபாய், 2016-ல் 180, 2021-ல் 300. ஓய்வூதியர்களுக்கு 2014-ல் 150, 2018-ல் 350, 2022-ல் 497. இந்த ஏற்றத்தை முழுக்க நீதிமன்றத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. காப்பீட்டுத் தொகையும் உயர்ந்தது, மருத்துவமனை பில்லும் ஏறியது. ஆனால் நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்தும் பில் வரும் என்பதை இன்று டெண்டர் எழுதும் எந்த நிறுவனமும் கணக்கில் வைக்காமல் இருக்க முடியாது. விபத்து, அவசர சிகிச்சை என்றால் வெளியிலும் வரம்புக்குட்பட்டுப் பணம் பெறலாம் என்ற பிரிவு அரசாணைகளிலேயே இடம்பெற்றுவிட்டது.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. ஒபாமாவின் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தையே முடக்கக்கூடிய வழக்குகள் 2012, 2015, 2021 என மூன்று முறை உச்ச நீதிமன்றம் ஏறின. மூன்று முறையும் சட்டம் பிழைத்தது. அங்கே காப்பீட்டு நிறுவனங்களே வாதியாகவும் நின்றன. அந்தச் சட்டத்தின்படி முதல் மூன்றாண்டு நஷ்டத்தில் பங்கேற்பதாகச் சொல்லிவிட்டுப் பணம் தராத அரசிடமிருந்து ஏறத்தாழ 1,200 கோடி டாலர் அவற்றுக்கு வர வேண்டியதுதான் என்று 2020 ஏப்ரலில் தீர்ப்பானது.

இந்தியாவில் தனியார் பாலிசிகளுக்கு 2024 ஜனவரியில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் ‘எங்கும் கேஷ்லெஸ்’ முறையை அறிவித்தது. திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் சொன்னால், நெட்வொர்க்கில் இல்லாத மருத்துவமனையிலும் நிறுவனமே கட்டலாம். நீதிமன்றப் படியேறிக் கேட்டதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றைக் காப்பீட்டுத் துறை தானாகவே கொண்டுவந்தது.

இத்தனை வழக்குகளிலும் கண்ணில் படாத ஒரு கூட்டம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் 2012 ஜனவரியிலிருந்து இதே யுனைடெட் இந்தியாவிடம், இதே போன்ற பட்டியலோடுதான் நடக்கிறது. அட்டை வைத்திருப்போர் எண்ணிக்கை அரசு ஊழியர்களைப் போலப் பல மடங்கு. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட முதலில் கட்டிய பில் வேண்டும். உத்திரமேரூர் வயலில் நாற்று நடும் பெண்ணுக்கு அதே இரவு ஒரு மணிக்கு நெஞ்சுவலி வந்தால், பட்டியலில் இல்லாத மருத்துவமனை முன்பணம் கேட்கும். வண்டி செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் திரும்பும். அங்கே பில் கிடையாது.