வினையூக்கி மாற்றியின் மிகைவெப்பம்

வினையூக்கி மாற்றி என்பது பெட்ரோல் எந்திரத்தின் புகையிலுள்ள நச்சு வளிமங்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கருவியாகும். பட்டறைகளில் இது கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்றே அழைக்கப்படுகிறது. பழைய கார்களில் இது அளவுக்கு மீறிச் சூடாவது பெரும்பாலும் இக்கருவியின் குறை அன்று. எந்திரத்தில் எரியாமல் தப்பிய பெட்ரோல் இதனுள் வந்து எரிவதன் விளைவு. எனவே காரணத்தைக் களையாமல் புதிய மாற்றியைப் பொருத்தினால் அதுவும் விரைவில் கெடும்.

பின்னணி

இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஈயமற்ற பெட்ரோலும் அந்நகரங்களில் அப்போதே அறிமுகமானது. நாடு முழுவதற்கும் அது வர 2000 பெப்ரவரி ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னைக் கார் ஒன்று திருத்தணி வழியாகத் திருப்பதி சென்று திரும்புகையில் ஈயம் கலந்த பெட்ரோலை நிரப்ப நேர்ந்தால், ஈயம் வினையூக்கியின் மேற்பரப்பில் படிந்து அதனைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் ஈயம் மாற்றியைச் சூடாக்குவதில்லை. இவ்விரு பழுதுகளையும் ஒன்றெனக் கருதலாகாது.

வெப்பம் ஏறும் விதம்

மாற்றியினுள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி உள்ளது. அதன் அலுமினாப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் நுண்துகள்களாகப் படிந்துள்ளன. ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் வினை தொடங்கும். 400 முதல் 800 பாகை வரை இயல்பான நிலை. எரியாத பெட்ரோல் உள்ளே எரியும்போது வெப்பம் 1000 பாகையைத் தாண்டலாம். அப்போது உலோகத் துகள்கள் ஒன்றுதிரண்டு வினைத்திறனை இழக்கின்றன. 1400 பாகைக்கு மேல் பீங்கானே உருகிப் புகைவழியை அடைத்துவிடும். வண்டியின் 'பிக்கப்' குறைவது இதனால்தான்.

காரணங்கள்

முதன்மையானது, பட்டறை வழக்கில் 'மிஸ்ஸிங்' எனப்படும் எரிபற்றாமை. தேய்ந்த ஸ்பார்க் பிளக், வெடித்த பிளக் ஒயர், பழுதுற்ற காயில் ஆகியவை இதற்குக் காரணமாகின்றன. மூடியபடி சிக்கிக்கொண்ட சோக், கசியும் இன்ஜெக்டர், பழுதான ஆக்சிசன் உணரி ஆகியவை கலவையில் பெட்ரோலை மிகுவிக்கும்.

ஓட்டுநரின் பழக்கமும் காரணமாகலாம். திருத்தணி மலைப்பாதை போன்ற இறக்கங்களில் பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணிக் கியரில் வைத்தபடியே சாவியை அணைத்து இறங்குவோர் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டியில், தீப்பொறி இல்லாவிடினும் சுழலும் எந்திரம் பெட்ரோலை இழுத்துப் புகைக்குழாய்க்குத் தள்ளக்கூடும். மிச்சம் பிடித்த பெட்ரோலைவிட மாற்றியின் விலை பன்மடங்கு! வண்டியைத் திரும்பத் திரும்பத் தள்ளி 'ஸ்டார்ட்' செய்வதும் இத்தகையதே.

கண்டறிதல்

அழுகிய முட்டை நாற்றம், கால்வைக்கும் தளத்தில் சூடு, இருட்டில் மாற்றியின் உறை செந்நிறமாக ஒளிர்தல் ஆகியன அறிகுறிகள். கடைசி அறிகுறி தென்பட்டால் எந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். காய்ந்த புல்மீது அவ்வண்டியை நிறுத்தினால் தீப்பற்றும்.

சோதனையை ஸ்பார்க் பிளக்குகளிலிருந்து தொடங்குவதே முறை. நனைந்த பிளக் எரிபற்றாமையையும், கரி படிந்தது மிகுந்த பெட்ரோலையும் காட்டும். ஓடும் எந்திரத்தில் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம், மாற்றி உள்ள வண்டிக்கு ஏற்றதன்று. அச்சோதனையே பச்சைப் பெட்ரோலை உள்ளே அனுப்புகிறது.

அடுத்து, நன்கு சூடேறிய எந்திரத்தை நிமிடத்திற்கு 2500 சுற்றில் ஓட்டி, அகச்சிவப்பு வெப்பமானியால் மாற்றியின் இருமுனைகளையும் அளக்கலாம். வெளிமுனை சிறிது கூடுதலாகச் சூடாயிருப்பது இயல்பு. வேறுபாடு 200 பாகையை எட்டினால் எரியாத பெட்ரோல் வருகிறது எனலாம்.

அடைப்பை அறிய வெற்றிடமானியை உள்ளிழுப்புக் குழாயில் இணைப்பர். அதே வேகத்தில் ஓடும்போது அளவு சிறிதுசிறிதாக இறங்கிக்கொண்டே வந்தால் புகைவழி அடைபட்டிருக்கலாம். ஆறிய பின் மாற்றியை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது கலகலவென ஒலித்தால் தேன்கூடு நொறுங்கியுள்ளது.

உருகிய தேன்கூட்டைச் சரிசெய்ய இயலாது. சில பட்டறைகளில் அதனை உடைத்தெடுத்து வெற்று உறையை மட்டும் மீண்டும் பொருத்துகின்றனர். அடைப்பு நீங்கி வண்டி ஓடும். நச்சு வளிமங்கள் மட்டும் மாறாமல் அப்படியே வெளியேறும்.