இரண்டாவது சன்னல்!

"சீமையிலே எவரோ சன்னலுக்கு உள்ளே இன்னொரு சன்னல் மாட்டுகிறார்களாம். அதைப் பற்றிப் பாட்டாளியின் ஏட்டிலே எழுதுவானேன்? அரிசி விலையை எழுதக் கூடாதா? கூலி உயர்வை எழுதக் கூடாதா?" என்று கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும். கேள்வி கேட்டே வளர்ந்த இயக்கத்தில் கேள்விக்கு வாய்ப்பூட்டு கிடையாது, பதில்தான் உண்டு.

தோழரே! இரவு ஷிப்டு முடித்து, விடிந்த பிறகு வீடு வந்து, பாயை விரித்துப் படுத்திருக்கிறீர்களா? கண் சொருகும் நேரம் பார்த்துத் தெருவிலே லாரி உறுமும். புரண்டு படுப்பீர்கள். அடுத்த லாரி வரும். தலையணையால் காதைப் பொத்துவீர்கள். இரவு மீண்டும் ஆலைச் சங்கு ஊதும். தூங்காத கண்ணோடு இயந்திரத்தின் முன் நிற்பவனுக்கு ஒரு நொடி கை தவறினால் விரல் மிஞ்சாது. தூக்கம் சீமானுக்குச் சுகம், உழைப்பாளிக்கோ முதல். அந்த முதலைக் கொள்ளையிட வருகிறது சத்தம். அந்தக் கொள்ளையைத் தடுக்க இங்கிலாந்திலே கண்ட ஏற்பாடுதான் இரண்டாவது சன்னல். இப்போது சொல்லுங்கள், அது நமக்குச் சம்பந்தமில்லாததா?

சன்னலுக்கும் ஆட்சிக்கும் அந்த நாட்டிலே பழைய பகை உண்டு. 1696-ஆம் ஆண்டு, மூன்றாம் வில்லியம் மன்னன் காலத்தில், சன்னல் வரி விதித்தார்கள். வீட்டிலே எத்தனை சன்னல் என்று எண்ணி வரி கேட்டார்கள். சீமான் கட்டினான். ஏழைகள் நெருக்கியடித்துக் குடியிருந்த வாடகைக் கட்டடங்களின் சொந்தக்காரர்களோ, செங்கல்லை வைத்துச் சன்னலை அடைத்தார்கள். வரி மிச்சம் வீட்டுக்காரனுக்கு. இருட்டும் இருமலும் குடியிருப்பவனுக்கு! 1851-இல்தான் அந்த வரி ஒழிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் காற்றும் கதிரவன் ஒளியும் வரிக் கணக்கனின் ஏட்டிலே அடைபட்டுக் கிடந்தன.

வெளிச்சத்தைப் பறித்தது வரி. பின்னர் அமைதியைப் பறிக்க வந்தது சாலை.

லண்டனின் மேற்குப் பகுதியில், பாடிங்டனிலிருந்து வடக்கு கென்சிங்டன் வழியாக, ஏறத்தாழ இரண்டரை மைல் நீளத்துக்குத் தூண்களின் மீது ஒரு நெடுஞ்சாலையை எழுப்பினார்கள். வெஸ்ட்வே என்று பெயர். 1970 ஜூலை 28-இல் திறப்பு விழா. திறந்து வைத்தவர், போக்குவரத்துத் துறையில் இளைய அமைச்சராக இருந்த மைக்கேல் ஹெசல்டைன். அந்த மேம்பாலச் சாலையை ஒட்டிக் கிடந்தது அக்லம் சாலை. அங்கே விக்டோரியா அரசி காலத்து வரிசை வீடுகள். உழைப்பாளிகளும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களும் வாடகை கொடுத்து வாழ்ந்த வட்டாரம் அது. படுக்கையறைச் சன்னலுக்கு நேர் எதிரே, சில அடி தூரத்தில், கார்களும் லாரிகளும் பறக்கத் தொடங்கின.

அம்மக்கள் தலைவிதி என்று சொல்லித் தலை கவிழ்ந்தார்களா? இல்லை. இந்த நரகத்திலிருந்து எங்களை மீட்டு வேறு வீடு கொடுங்கள் என்னும் பொருள்பட எழுதி, வீடுகளின் மீதே பெரிய பதாகையைக் கட்டினார்கள். விழாவுக்கு வந்தவர் கண்ணிலே அது பட்டது. நாட்டின் காதிலும் விழுந்தது.

சத்தம் ஒரு கேடு என்று ஆட்சியினருக்கு அதுவரை தெரியாதா? தெரியும். 1963-இலேயே சர் ஆலன் வில்சன் தலைமையிலான குழு சத்தத்தைப் பற்றி விரிவாக அறிக்கை தந்தது. 1966 முதல், ஹீத்ரு விமான நிலையத்தைச் சுற்றி இருந்தவர்களுக்கு, வீட்டைச் சத்தத்திலிருந்து காக்கும் செலவிலே ஒரு பகுதி மானியமாகக் கிடைத்தது. சாலையோரத்து ஏழைக்கோ எதுவும் இல்லை. பதாகை ஏறிய பிறகுதான் பாராளுமன்றத்துக்கு வேகம் பிறந்தது. 1973-இல் நில இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1975-இல் வகுத்த ஒலித்தடுப்பு விதிகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்றும் நடப்பில் உள்ளன.

விதியின் சாரம் இது: புதிய சாலை ஒன்று வந்து, அதனால் கூடிய வாகனச் சத்தம் வீட்டு முகப்பிலே 68 டெசிபல் என்ற அளவை எட்டினால், சாலையிலிருந்து 300 மீட்டருக்குள், சாலைக்கு முன்பே இருந்த வீடுகளுக்கு, சாலை போட்ட துறையே தன் செலவில் இரண்டாவது சன்னல் அமைத்துத் தரவேண்டும், அல்லது அதற்கு மானியம் தரவேண்டும். பிச்சை அல்ல, தோழரே! உரிமை! சத்தம் போட்டவன் தண்டம் கட்டுகிறான்.

அந்தச் சன்னலிலே அப்படி என்ன மாயம் என்கிறீர்களா? மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாம் பௌதிகம்.

பழைய ஆங்கில வீட்டுச் சன்னலில், மேலும் கீழும் ஏறி இறங்கும் இரண்டு மரச் சட்டங்கள். கண்ணாடி மெல்லியது. மரம் தேய்ந்து, சட்டத்துக்கும் நிலைக்கும் நடுவே இடுக்கு விழுந்திருக்கும். காற்று நுழையும் இடுக்கிலே சத்தம் நுழையாதா? ஆகவே முதல் வேலை, இடுக்கை அடைத்துச் சட்டத்தைச் செப்பனிடுவது. இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த கண்ணாடி போட்டாலும், ஓட்டைக் குடத்திலே நீர் மொண்ட கதைதான்.

அடுத்து, அந்தச் சன்னலைக் கழற்றாமல், அறையின் உட்பக்கத்தில் தனிச் சட்டமிட்டு இன்னொரு கண்ணாடி. குளிரைத் தடுக்க இரண்டு கண்ணாடிகளை ஒரே சட்டத்தில் சேர்த்து விற்கிறார்கள். அவற்றின் நடுவே இடைவெளி பெரும்பாலும் 12 முதல் 20 மில்லிமீட்டர். அந்தச் சிறு இடத்திலே அடைபட்ட காற்று சுருள்வில்லைப் போலாகி, வெளிக் கண்ணாடியின் அதிர்வை உள் கண்ணாடிக்குத் தள்ளிவிடும். சத்தத்தை நிறுத்த வேண்டுமானால் இடைவெளி 100 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; 150, 200 என்றால் இன்னும் நன்று. பழைய வீட்டின் சுவர் கனத்தது. அந்த இடம் அங்கே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

இரண்டு கண்ணாடிகளும் ஒரே தடிமனில் இருப்பதும் நல்லதல்ல. ஒவ்வொரு தடிமனுக்கும், தடுக்க முடியாமல் கோட்டை விடுகிற ஒலி ஒன்று உண்டு. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் கோட்டை விடும். வெவ்வேறாக இருந்தால் ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். நடுவிலுள்ள ஓரங்களில் ஒலியை விழுங்கும் மெத்தென்ற பொருளைப் பதிப்பார்கள்.

பலன் என்ன? பழைய ஒற்றைச் சன்னல் 25 டெசிபல் அளவுக்குச் சத்தத்தைக் குறைக்குமானால், முறையாக அமைத்த இரண்டாவது சன்னலோடு சேர்ந்து 40-க்கு மேல் குறைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே, சத்தம் பாதியாகிவிட்டது போலக் காது உணரும்.

சன்னல்களையெல்லாம் இறுக மூடினால் மூச்சு விடுவது எப்படி? அதையும் விதி மறக்கவில்லை. அறைக்குக் காற்றோட்டக் கருவி தரவேண்டும் என்கிறது. வெயில் நேரே விழும் சன்னலுக்கு மறைப்பும் தரச் சொல்கிறது. சரிதானே? காற்றைப் பிடுங்கிக்கொண்டு அமைதியைக் கொடுப்பது, சன்னல் வரிக் காலத்துக்கே திரும்பிப் போவதாகும்.

இன்னொரு வழக்கு உண்டு. இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டுத் திட்டச் சட்டம் முதற்கொண்டு, வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கிறார்கள். இன்று ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள். மாளிகைகள் மட்டுமல்ல, குடிசை வீடுகளும் வரிசை வீடுகளும் அதிலே உண்டு. அனுமதியின்றி அவற்றின் தன்மையை மாற்றினால் குற்றம். பழைய மரச் சன்னலைப் பெயர்த்தெறிந்து பிளாஸ்டிக் சன்னல் பதிக்க எளிதிலே இசைய மாட்டார்கள். "பழைய சன்னலைக் காப்பாற்று" என்கிறது ஒரு குரல். "என் தூக்கத்தைக் காப்பாற்று" என்கிறது மறு குரல். இரண்டுக்கும் நீதி செய்கிறது இரண்டாவது சன்னல். தெருவிலிருந்து பார்த்தால் பழைய முகம் அப்படியே. உள்ளே, வேண்டாதபோது கழற்றிவிடக் கூடிய புதுக் காவல்.

"பழமையை எதிர்ப்பவர்களாயிற்றே நீங்கள்! பழைய சன்னலுக்குப் பரிந்து பேசலாமா?" என்று மாற்றார் கேலி பேசலாம். பேசட்டும். நாம் எதிர்ப்பது பழமையின் பெயரால் மனிதனை மிதிப்பதை. பெயர் தெரியாத தச்சன் இழைத்த சட்டத்தை அல்ல. அவன் உழைப்பாளி, நம்மவன். அவனுடைய வேலையும் நிலைக்க வேண்டும். அந்த வீட்டிலே இன்று குடியிருப்பவனும் தூங்க வேண்டும். மனிதனை வதைக்காமல் பழமை வாழ முடியும் என்றால், வாழட்டுமே!

ஆனால், எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சட்டத்திலும் இடுக்கு இருக்கிறது. வசிக்கும் அறைக்கும் படுக்கை அறைக்கும்தான் உரிமை, சமையலறைக்கு இல்லை. அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக் காது இல்லையா? மாற்றியமைத்த சாலை என்றால் சன்னல் தருவதும் தராததும் பெரும்பாலும் அதிகாரிகளின் விருப்பம். எல்லாவற்றுக்கும் மேலாக, புதுச் சாலையும் இல்லை, மாற்றமும் இல்லை, பழைய சாலையிலேயே ஆண்டுக்காண்டு வாகனம் பெருகிவிட்டது என்றால், இந்த விதி திரும்பியும் பார்க்காது. நூறாண்டு, இருநூறாண்டு பழைய வீடுகள் நிற்பதோ பெரும்பாலும் பழைய சாலைகளிலேதான்! அங்கே பணம் உள்ளவன் தன் காசில் சன்னல் மாட்டிக்கொள்கிறான். வாடகைக்கு இருப்பவன் பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்கிறான்.

இதிலே நாம் கற்க வேண்டியது என்ன? கண்ணாடி அன்றும் இருந்தது; பௌதிகமும் இருந்தது; 1963 முதல் அறிக்கையும் இருந்தது. இல்லாதிருந்தது அக்லம் சாலையின் குரல். அது எழுந்தது, மூன்றே ஆண்டில் சட்டம் வந்தது. சட்டத்தில் விடுபட்டவனுக்கும் அந்தக் குரல்தான் வழி. சாலையின் பயனை ஊரே அனுபவிக்கிறது. அதன் சத்தத்தை மட்டும் ஒருவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

சன்னலைத் திறந்தால் காற்று வேண்டும். மூடினால் அமைதி வேண்டும். இரண்டும் சீமானின் சொத்தல்ல. இரவெல்லாம் உழைத்துவிட்டு வந்து படுப்பவனின் உரிமை.