வார இறுதி வளமூட்டல் வகுப்புகள்: ஒரு விளக்கம்



சனி, ஞாயிறு தினங்களில் கொப்பிப் பையுடன் எங்கே போகிறீர்கள் என்று தோட்டவெளிப் பிள்ளைகளைக் கேட்டால், "ரியூசனுக்கு" என்ற விடையே வரும். அங்கே பாடசாலையில் படித்ததை மீட்டுகிறீர்கள். கடந்தகால வினாத்தாள்களைச் செய்கிறீர்கள். பரீட்சைக்கு அது தேவைதான். ஆனால் வார இறுதியில் நடைபெறும் இன்னொரு வகை வகுப்பும் உண்டு. அதுவே வளமூட்டல் வகுப்பு.

1. வளமூட்டல் வகுப்பு என்றால் என்ன?

பாடத்திட்டத்துக்கு அப்பாலுள்ள விடயங்களை ஆர்வமுள்ள மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தும் வகுப்பு இது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் உயர்கல்வி நிறுவனங்களும் இதனை நடாத்துகின்றன. பின்தங்கியவர்களுக்கு உதவுவது பரிகார வகுப்பு. பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துவது ரியூசன். ஒரு துறையின் சுவையைக் காட்டுவது வளமூட்டல் வகுப்பு. இம்மூன்றையும் வேறுபடுத்தி விளங்கிக்கொள்ளுங்கள்.

2. சில உதாரணங்கள்

(அ) 1957 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை விண்ணுக்கு அனுப்பியது. அமெரிக்காவில் விஞ்ஞானக் கல்வி பற்றிய கவலை எழுந்தது. மறு ஆண்டு, 1958 இல், நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகம் உயர்தரப் பாடசாலை மாணவர்களுக்கான சனிக்கிழமை விஞ்ஞான வகுப்புகளைத் தொடங்கியது. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், கணிதம் முதலியவற்றை ஆய்வாளர்களே கற்பித்தனர்.

(ஆ) இலண்டனிலுள்ள றோயல் இன்ஸ்ரிரியூசன் 1825 இல் இளையோருக்கான நத்தார் விரிவுரைகளைத் தொடங்கியது. 1978 இல் கணிதவியலாளர் கிறிஸ்ரோபர் சீமன் அவற்றை நிகழ்த்தினார். அதனைத் தொடர்ந்து 1981 முதல் சனிக்கிழமைக் கணித வகுப்புகள் நடைபெறலாயின.

(இ) எமது நாட்டில், மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் க.பொ.த. (உ/த) மாணவர்களுக்காக முன்னோடிப் பரீட்சைகளை நடாத்தி வந்துள்ளனர். இது பரீட்சையை நோக்கிய உதவியாகும். ஆகவே முழுமையான வளமூட்டல் அன்று. எனினும் பல்கலைக்கழகம் பாடசாலை மாணவரைத் தேடிவரும் நல்ல முயற்சி.

3. இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் கலை, வர்த்தகம், விஞ்ஞானம், கணிதம், தொழினுட்பம் என்பவற்றுள் ஒரு துறையைத் தெரிய வேண்டும். நான் கணிதப் புள்ளியை மட்டும் பார்த்துக் கலைத்துறைக்குப் போனேன். வரலாறு எனக்கு உண்மையிலேயே பிடித்த பாடம் என்பது பட்டப்படிப்பின்போதுதான் தெரிந்தது. எனக்கு அது அதிர்ஷ்டம். என்னுடன் படித்த எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. புள்ளி உங்கள் திறமையின் ஒரு பகுதியைக் காட்டும். எதைப் பல ஆண்டுகள் சலிப்பின்றிப் படிப்பீர்கள் என்பதை அது காட்டாது. அதை முன்கூட்டியே அறிய வளமூட்டல் உதவுகிறது.

4. நாம் என்ன செய்யலாம்?

எமது ஊருக்கு அருகில் பல்கலைக்கழகம் இல்லை. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். ஒரு வினாவை எடுத்து, நூலகத்திலும் ஊர்ப் பெரியவர்களிடமும் விடை தேடுங்கள். முதல் வாரத்துக்கு எமது தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட காற்றாலைகளையே எடுக்கலாம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று. மொத்தக் கொள்ளளவு யாது? (கணிதம்)
2. காற்றின் சக்தி எவ்வாறு மின்சக்தியாக மாறுகிறது? (விஞ்ஞானம்)
3. சோளகக் காலத்தில் அவை வேகமாகச் சுழல்வது ஏன்? (புவியியல்)
4. கடற்றொழிலாளர், வலசை வரும் பறவைகள், மின்பாவனையாளர் ஆகியோரின் நலன்களை எவ்வாறு சமன்செய்யலாம்? (குடியியற்கல்வி)

இந்நான்கில் எந்த வினா உங்களை இரவிலும் யோசிக்க வைக்கிறது என்று குறித்து வையுங்கள். துறை தெரியும் நாளில் பெறுபேற்றுத் தாளுடன் அந்தக் குறிப்பையும் எடுத்துப் பாருங்கள்.