சீஸுக்கு 277, பாமாயிலுக்கு 300: யார் வைத்த வரம்பு?

நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடன் இந்தியா செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 அன்று அமலுக்கு வந்தது. பால் பொருள்களுக்கு இந்தியா கதவைத் திறக்கவில்லை. நார்வேக்கு இது புரியாத விஷயம் அல்ல. பண்ணையைக் காப்பதில் அது கைதேர்ந்த நாடு.

2013 ஜனவரி 1 முதல் சில வகைக் கெட்டி சீஸுக்கு நார்வே 277 சதவீத வரி போட்டது. மாட்டிறைச்சியில் சில வகைகளுக்கு 344, ஆட்டிறைச்சிக்கு 429. ஐரோப்பிய ஒன்றியம் கொதித்தது. ஆனால் உலக வர்த்தக அமைப்பின் விதி எதையும் ஆஸ்லோ மீறவில்லை.

அந்த அமைப்பின் ஒவ்வொரு உறுப்பு நாடும் பொருள்வாரியாக ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் வரி போட மாட்டேன் என்ற உறுதிமொழி அது. வரம்புக்குக் கீழே ஏற்றலாம், இறக்கலாம், கேள்வி கேட்பாரில்லை. நார்வேயின் பட்டியலிலோ பல வேளாண் பொருள்களுக்கு இரண்டு வரம்புகள்: கிலோவுக்கு இத்தனை குரோனர், அல்லது விலையில் இத்தனை சதவீதம். சீஸுக்கு அதுவரை கிலோவுக்கு 27.15 குரோனர் வாங்கிக்கொண்டிருந்த அரசு, சதவீதத்துக்குத் தாவியது. 50 குரோனருக்கு வந்திறங்கும் ஒரு கிலோ சீஸுக்கு வரி 27.15-லிருந்து 138.50 ஆனது. கிலோ 10 குரோனருக்கும் குறைவான சீஸ் என்றால்தான் பழைய கணக்கு அரசுக்கு லாபம். அவ்வளவு மலிவான சீஸை யார் கொண்டுவரப் போகிறார்கள்?

தொழிற்சாலைப் பொருள்களில் நார்வே வேறு முகம் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. சராசரி சுமார் 3 சதவீதம். ஆயத்த ஆடை போன்ற சிலவற்றைத் தவிர நடைமுறையில் வரியே கிடையாது. இந்தியாவில் ஏறத்தாழ கால்வாசிப் பொருள்களுக்கு வரம்பே இல்லை. வேளாண் வரம்பின் சராசரி மட்டும் 113 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இந்தியா மூடிய சந்தை, நார்வே திறந்த சந்தை என்ற பேச்சு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடும். தொழுவத்துக்குள் போனால் செல்லாது.

உண்மையில் வசூலாகும் வரி வேறு. ரேஷன் கடைப் பாமாயிலுக்கு இந்தியாவின் வரம்பு 300 சதவீதம். ஆனால் சுத்திகரிக்காத பாமாயிலின் அடிப்படைச் சுங்கவரி 2024 செப்டம்பரில்தான் பூஜ்யத்திலிருந்து 20 ஆனது. 2025 மே மாத இறுதியில் 10 ஆனது. உள்ளூர் விலைக்குத் தக்கபடி ஏற்றி இறக்க இவ்வளவு இடம் கிடைத்தது, முன்பே உயரமாக வரம்பு வைத்ததால்தான். சோயா எண்ணெய்க்கு 45-க்கு மேல் போக முடியாது. அரிசிக்கும் பால் பவுடருக்கும் பூஜ்யம் என்று பழைய காலத்திலேயே எழுதிக்கொடுத்திருந்தோம். பிறகு மற்ற நாடுகளோடு பேரம் பேசி, ஈடு கொடுத்து, சுமார் 2000-ஆம் ஆண்டு வாக்கில் அரிசிக்கு 70, 80 என்று மாற்றிக்கொண்டோம்.

வரம்பைத் தாண்டினால் வழக்குதான். செல்பேசிக்கு 20 சதவீத வரி போட்ட இந்தியாவை ஜப்பானும் தைவானும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்கு இழுத்தன. குறியீட்டு எண்களை மாற்றியபோது பட்டியலில் பிழை நேர்ந்துவிட்டது என்று இந்தியா வாதாடியது. 2023 ஏப்ரலில் தீர்ப்பு எதிராக வந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வோ, போதிய நீதிபதிகள் இல்லாமல் 2019 டிசம்பரிலிருந்தே முடங்கிக் கிடக்கிறது.