காற்றை இறக்கிவிட்டு ஒரு பந்தயம்

பந்தயம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். வீரர் ஒருவர் தன் சைக்கிள் டயரிலிருந்து காற்றை இறக்குகிறார். ‘புஸ்’ என்று கொஞ்சம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, ‘புஸ்’ என்று இன்னும் கொஞ்சம். எல்லோரும் கிளம்பும் முன் காற்று அடிப்பார்கள், இவருக்கு என்ன ஆயிற்று?

இடம் கொக்சைடே. பெல்ஜியம் நாட்டில் வடகடல் ஓரமாக மணல்மேடுகள் சூழ்ந்த ஊர். விளையாட்டின் பெயர் சைக்ளோகிராஸ். தார்ச்சாலைக்கு இங்கே வேலையே இல்லை. மணல், சேறு, புல்சரிவு, சில ஊர்களில் படிக்கட்டு, எல்லாவற்றிலும் சைக்கிள் போயாக வேண்டும். சுமார் 3 கிலோமீட்டர் பாதையை ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சுற்றுவார்கள். இலையுதிர் காலம் தொடங்கிக் குளிர்காலம் முடியும்வரை, சனி ஞாயிறு வந்தால் பெல்ஜியத்தில் ஏதாவது ஓர் ஊர் இதற்காகத் திரண்டுவிடும். மழை கொட்டினாலும் பந்தயம் நிற்காது. ரசிகர்கள் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கையில் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுவலோடு, தங்கள் ஊர்க்காரர் வரும்போது தொண்டை கிழியக் கத்துவார்கள்.

பாதையின் குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரை பலகைகள் நிறுத்தியிருக்கும். பெரும்பாலானவர்கள் குதித்து இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டே தாண்டி, ஓடுகிற ஓட்டத்தில் மறுபடி ஏறிவிடுவார்கள். ஸ்வென் நைஸ் என்ற முன்னாள் பெல்ஜிய வீரரோ இறங்காமலே சைக்கிளோடு துள்ளித் தாண்டியவர். சிறுவயதில் பி.எம்.எக்ஸ். சைக்கிள் ஓட்டிப் பழகிய கால்கள்!

சரி, அந்தக் காற்றுக் கதைக்கு வருவோம்.

வீரரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்க, சக்கரத்துக்கு 40 கிலோ. சாலைப் பந்தய டயரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 6 கிலோ அழுத்தம் இருக்கலாம். அப்படியானால் 40 கிலோவைத் தாங்க எத்தனை சதுர சென்டிமீட்டர் தரையைத் தொட வேண்டும்? 40-ஐ 6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 7. ஒரு பெரிய தபால்தலை அளவுதான்! அந்தச் சின்ன இடத்தில் மொத்தப் பாரமும் இறங்கினால் மணல் விலகி, சக்கரம் புதைந்துவிடும்.

இப்போது அழுத்தத்தை ஒன்றரை கிலோவாகக் குறையுங்கள். 40-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27. டயர் தட்டையாகப் பரவி, நான்கு மடங்கு இடத்தில் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. மணலும் தாங்கிக்கொள்கிறது. ஒட்டகத்தின் அகலமான பாதம் பாலைவனத்தில் செய்வதும் இதைத்தான். பெட்ரோல் பங்க்கில் காருக்குக் காற்று அடிக்கும்போது மீட்டர் 30, 32 என்று காட்டுமே, அதே மீட்டரில் இந்த ஒன்றரை கிலோ வெறும் 21 சொச்சம்தான் காட்டும்.

அப்படியென்றால் ஒரேயடியாக அகலமான டயர் போட்டுவிடலாமே? அதற்கு விதி விடாது. சர்வதேசப் போட்டிகளில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. காற்றை ரொம்பவும் இறக்கவும் முடியாது. வேர் மீதோ கல் மீதோ ஏறும்போது ரிம் ‘டங்’கென்று இடிக்கும். அதனால்தான் கட்டைவிரலுக்கு இவ்வளவு மரியாதை.

இத்தனை செய்தும் ஆழமான மணலில் வேகம் செத்துவிட்டால் மிதித்துப் பயனில்லை. சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவதே வேகம். எங்கே மிதிப்பது, எங்கே இறங்குவது என்று நொடியில் முடிவெடுக்க வேண்டும், எனக்குப் பிடித்த இடமே அதுதான். மணலில் ஊறியவர்கள் பெல்ஜியக்காரர்கள். 2012-இல் உலகப் போட்டி கொக்சைடேயில் நடந்தபோது, ஆண்கள் பந்தயத்தில் முதல் ஏழு இடங்களையும் அவர்களே பிடித்தார்கள்.

மறுநாள் வேறு ஊரில் சேறு காத்திருக்கும். அங்கே டயரே மாறிவிடும். மணலுக்கு மழமழப்பான டயர் போதும், சேற்றுக்கு உயரமான பட்டன்கள் வேண்டும். பட்டன்களுக்கு நடுவே இடைவெளியும் வேண்டும், இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு பட்டன் இருந்தும் வழுக்கும். சைக்கிளே சேற்றுருண்டை ஆனதும், பாதையோரத்தில் காத்திருக்கும் மெக்கானிக்கிடம் அதைக் கொடுத்துவிட்டு, கழுவித் துடைத்த இன்னொன்றில் பறப்பார்கள். அடுத்த சுற்று வருவதற்குள் பழையது குளித்துத் தயாராகிவிடும்.

உங்கள் சைக்கிளிலும் இதைச் சோதிக்கலாம். டயரில் சுண்ணாம்புக்கட்டியை ஈரமாக்கித் தேயுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிக் கறுப்புத் தாள்மேல் மெதுவாக வையுங்கள். நண்பர் ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் உட்காருங்கள். தாளில் பதிந்த தடத்தின் நீளம், அகலத்தை அளந்து குறியுங்கள். கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் காற்றை நிரப்பிவிட்டே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ட்யூப் நசுங்கிப் பங்ச்சர்தான். பின்சக்கரத்தின் தடத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு காற்று இருந்தும் பின்தடம் பெரிதாக இருந்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்களேன்.