ஒரு லிட்டர் எண்ணெயின் எடை

1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி, கனடா தேசத்து மான்ட்ரியால் நகரிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் பிரயாணம் செய்த போயிங் 767 விமானம் ஒன்று, 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கையில், எண்ணெய் அழுத்தம் குறைகிறதென்ற எச்சரிக்கை ஒலி எழுந்து, சிறிது நேரத்தில் இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துவிட, 69 பேரைச் சுமந்தபடி வெறும் காற்றையே நம்பி இறங்க வேண்டியதாயிற்று. தொட்டியில் எண்ணெய் தீர்ந்திருந்தது. அதைத் தீர்த்து வைத்தது 1.77 என்ற ஓர் எண்.

எண்ணெயின் அளவைக் காட்டும் கருவி பழுதுபட்டிருந்தபடியால், தொட்டியில் அளவுக் குச்சியைக் கொண்டு பார்த்து, 7,682 லிட்டர் மீதமிருப்பதாக அறிந்தார்கள். பிரயாணத்துக்கு வேண்டியதோ 22,300 கிலோகிராம். எண்ணெய் வண்டி லிட்டரில் கொடுக்கும். விமானம் கிலோவில் கேட்கும். ஆகையால் ஒரு லிட்டரின் எடை இன்னதென்று தெரிந்தாலன்றி மேலே கணக்கு நகராது. கையிலிருந்த சீட்டில் 1.77 என்று கண்டிருந்தது. அது பொய்யான எண்ணன்று; ஆனால் ராத்தல் கணக்கு, அதாவது பவுண்டுக் கணக்கு. விமானத்தை நடத்திய கம்பெனியின் மற்ற விமானங்கள் ராத்தலிலேயே பழகியவை. தேசம் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில் புதிதாக வந்த இந்த ரக விமானம் மட்டுமே கிலோவை எதிர்பார்த்தது. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கி 13,597 என்றார்கள், 22,300-இலிருந்து கழித்து 8,703 என்றார்கள், திரும்பவும் 1.77-ஆல் வகுத்து, 4,900 லிட்டருக்குச் சற்று அதிகமாக நிரப்பினால் போதுமென்று தீர்மானித்தார்கள். பெருக்கலில் பிழையில்லை, கழித்தலிலும் வகுத்தலிலும் பிழையில்லை. லிட்டருக்கு 0.803 கிலோ என்ற சரியான பிரமாணத்தைக் கொண்டிருந்தால், 20,000 லிட்டருக்கு மேல் நிரப்பியிருக்க வேண்டும்.

எண்ணோடு அலகையும் சேர்த்து எழுதி, லிட்டரை லிட்டர் அடித்துவிட மிஞ்சுவது எதுவென்று பார்க்கும் பள்ளிக்கூடத்து வழக்கத்தை, மாணவர்கள் வாத்தியாரின் வீண் கண்டிப்பென்று நினைப்பதுண்டு. அன்று அப்படி எழுதியிருந்தால், விடையின் பக்கத்தில் ராத்தல் என்ற சொல் தானே வந்து நின்றிருக்கும். அதைவிட எளிதான சோதனையும் ஒன்றிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடையுள்ளது. ஜெட் விமானத்து எண்ணெயோ மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்தது. மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது அடுப்பங்கரையில் பழகியவர்கள் அனைவரும் அறிந்த விஷயம். மிதக்கும் பொருள் லிட்டருக்கு 1.77 கிலோ எடை இருக்க முடியாது. தவறியவர்களை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை; அவசரத்தில் நிற்கிற மனிதனுக்கு, சீட்டில் கண்ட எண்ணைச் சந்தேகிப்பது அவ்வளவு சுலபமன்று.

சரிபார்க்காமலும் அவர்கள் போய்விடவில்லை. ஒட்டாவாவில் மறுபடியும் குச்சியிட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் அதே 1.77-ஆல் பெருக்கி, எல்லாம் திருப்தி என்று கண்டார்கள். விமானத்தின் கம்ப்யூட்டரும், தன்னிடம் கொடுக்கப்பட்ட எண்ணை வேதவாக்காகக் கொண்டு, செலவை விசுவாசத்தோடு கழித்துக்கொண்டே வந்தது. விஞ்ஞான முறையில் பரிசோதனை என்று பெயர் பெறுவது, நம்முடைய அநுமானம் பொய்யாக இருந்தால் அதைப் பொய்யென்று காட்டவல்ல வேறொரு வழியில் செய்யப்படுவது. அதே அநுமானத்தை உள்ளே வைத்துக்கொண்டு எத்தனை முறை கணக்கிட்டாலும், கிடைப்பது பழைய விடையின் பிரதியே.

நல்ல காலமாக, தலைமை விமானி ராபர்ட் பியர்சன், எஞ்சினில்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டால், மனிடோபா மாகாணத்தில் கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தை முன்பே அறிந்தவர். கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்த அந்த ஓடுபாதையில், பந்தயம் பார்க்க ஜனங்கள் கூடியிருந்த அன்றைய தினமே, மூக்குச் சக்கரம் மடங்க, விமானம் இறங்கி நின்றது. சிலருக்குச் சிறு காயங்கள், உயிர்ச்சேதம் இல்லை. அந்த விமானம் செப்பனிடப்பட்டு, 2008 வரை சேவையில் இருந்தது.

பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்த விவரந்தான் எனக்கு அதிக ஆச்சரியம் தந்தது. முன்பெல்லாம் விமானி அறையில் மூன்றாமவராக ஓர் எஞ்சினியர் இருந்து எண்ணெய்க் கணக்கைப் பார்த்து வந்தார். இருவரே ஓட்டும்படி அமைந்த புதிய விமானத்தில் அந்த ஆசனம் எடுக்கப்பட்டுவிட்டது. அவர் செய்து வந்த கணக்கு இனி யாருடைய பொறுப்பு என்பதை மட்டும் எவரும் தெளிவாக வகுத்து வைக்கவில்லை.