ஒரு லேப்டாப்... ரெண்டு மானிட்டர்... ஜோடி சேருமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட்னு உட்கார்ந்தாச்சு. 15 இன்ச் ஸ்க்ரீன்ல ஒரு ஓரம் கோடிங், ஒரு ஓரம் அவுட்புட், அதுக்குள்ளேயே யூ-டியூப் அண்ணனோட பாடம். ஆல்ட்-டேப் அடிச்சு அடிச்சே விரல் தேயுதா? 'ரெண்டு மானிட்டர் வாங்கி மாட்டிட்டா மேட்டர் ஓவர்'னு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்! பர்ஸைத் திறக்கிறதுக்கு முன்னாடி, லேப்டாப்போட இடுப்பை ஒரு தடவை நல்லாப் பாருங்க.

அங்கே ஹெச்.டி.எம்.ஐ. போர்ட் ஒண்ணு இருக்கும். முதல் மானிட்டர் அதுல. பிரச்னையே இல்லை. ரெண்டாவதுலதான் கதையே ஆரம்பம். பக்கத்துல முட்டை வடிவத்துல யு.எஸ்.பி-சி போர்ட் இருக்கே, அதுல மாட்டலாமேனு தோணும். மாட்டலாம்... அந்த போர்ட்டுக்குப் படம் அனுப்பத் தெரிஞ்சிருந்தா!

'சி' என்பது அந்தத் துளையோட வடிவம் மட்டும்தான். உள்ளே என்ன ஓடுதுங்கிறது மாடலுக்கு மாடல் மாறும். சிலதுல வெறும் டேட்டா, சிலதுல டேட்டாவோட சார்ஜிங். 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' அல்லது தண்டர்போல்ட் இருந்தாதான் படம் வெளியே வரும். போர்ட் பக்கத்துல 'டி'யும் 'பி'யும் பின்னிக்கிட்ட சின்னமோ, அம்பு நுனியோட மின்னல் சின்னமோ இருந்தா யோகம்தான். பேட்டரி படத்துக்குள்ள மின்னல் இருந்தா அது சார்ஜிங்குக்கு, ஏமாந்துடாதீங்க. சின்னமே இல்லைன்னா, மாடல் நம்பரை வெச்சு கம்பெனி வெப்சைட்ல பார்த்துடறது உத்தமம்.

இதைப் பார்க்காம எங்க ஹாஸ்டல் பக்கத்து ரூம்காரன் ரெண்டு ஹெச்.டி.எம்.ஐ. வெச்ச ஹப் ஒண்ணை வாங்கிட்டு வந்தான். மாட்டினா மவுஸ் ஓடுது, பென் டிரைவ் ஓடுது, ரெண்டு மானிட்டரும் கும்மிருட்டு! ஹப் மேல தப்பில்லை, அவன் போர்ட் அப்படி. கடைக்காரரோ, 'கவரைப் பிரிச்சுட்டா ரிட்டர்ன் கிடையாது தம்பி'னு முடிச்சுட்டார். அந்த மாசம் மெஸ் பில் கட்ட பய பட்ட பாடு இருக்கே... வேணாம் விடுங்க.

'என் லேப்டாப் பழசு, மூணு ஸ்க்ரீனைத் தாங்குமா?'னு ஒரு டவுட் வரும். 2012-ல வந்த இன்டெல் மூணாம் தலைமுறை ப்ராசசர்லயே மூணு ஸ்க்ரீனுக்கு வழி இருக்கு. தலைவலி பெரும்பாலும் சிப்ல இல்லை, வாசல்லதான்.

சரி, போர்ட்ல வீடியோ இருக்கு. ஒரே போர்ட்லேர்ந்து ரெண்டு மானிட்டருக்குத் தனித்தனிப் படம் அனுப்ப எம்.எஸ்.டி.னு ஒரு டெக்னிக் உண்டு. 2010-ல டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ஓட வந்தது. விண்டோஸ்ல சமர்த்தா வேலை செய்யும். அதே ஹப்பை மேக்ல மாட்டினா ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம்தான். மேக்புக் ஏர் வெச்சிருக்கிற சீமான்களே, உங்களுக்கு ஸ்பெஷல் கவனிப்பு: 2020-ல வந்த எம்1 ஏர் வெளி மானிட்டர் ஒண்ணைத்தான் ஏத்துக்கும். 2024-ல வந்த எம்3 மூடியைச் சாத்தினா ரெண்டு. 2025-ல வந்த எம்4-லதான் மூடாமலே ரெண்டு.

கடையில 'ஸ்ப்ளிட்டர்' நீட்டினா ஒரு கும்பிடு போட்டுட்டு நகருங்க. ஒரே படத்தை ரெண்டா காட்டும், அவ்வளவுதான். சிம்போசியத்துல ரெண்டு புரொஜெக்டருக்கு ஓகே, நமக்கு வேஸ்ட்.

படமே அனுப்பாத போர்ட்னா? 'டிஸ்ப்ளேலிங்க்' சிப் இருக்கிற அடாப்டர் கேளுங்க. படத்தைச் சுருக்கி, சாதாரண டேட்டா மாதிரி யு.எஸ்.பி. வழியா அனுப்பும். டிரைவர் போடணும், ப்ராசசருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. கோடிங், ரிப்போர்ட், எக்செல்லுக்கு சூப்பர். கேம்ஸுக்கு மொக்கை. ஓ.டி.டி. படம் போட்டா காப்பி புரொடெக்‌ஷன் புண்ணியத்துல ஸ்க்ரீன் கறுப்பாகிடலாம். புராஜெக்ட் டயத்துல அது நல்லதுதானோ!

மானிட்டர் வாங்கும்போது நம்ம படிப்பைக் கொஞ்சம் பயன்படுத்துவோமா? 1920 x 1080 புள்ளி, ஒவ்வொண்ணுக்கும் 24 பிட், செகண்டுக்கு 60 தடவை. பெருக்கினா சுமார் 3 ஜிகாபிட். 4கே-ன்னா நாலு மடங்கு, அதாவது 12. பழைய ஹெச்.டி.எம்.ஐ. 1.4-ஓட மொத்தக் கொள்ளளவே 10.2 ஜிகாபிட்தான். அதனால 4கே-யை அதுல மாட்டினா செகண்டுக்கு 30 தடவையோட நின்னுடும். மவுஸ் தூங்கி வழியும். ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு ஃபுல் ஹெச்.டி. ரெண்டு போதும்னுதான் எனக்குத் தோணுது.

செகண்ட் ஹேண்ட்ல விஜிஏ மானிட்டர் சிக்கினாலும் விடாதீங்க. ஐ.பி.எம். 1987-ல கொண்டுவந்த கிழவன், ஆனா இன்னும் திடமா நிக்கறான். அவன் அனலாக், உங்க லேப்டாப் டிஜிட்டல். வெறும் ஒயர் பத்தாது, சிப் வெச்ச கன்வெர்ட்டர் வேணும். அதுவும் ஒருவழிப் பாதை! 'ஹெச்.டி.எம்.ஐ. டு விஜிஏ'னு தெளிவா கேளுங்க. 'விஜிஏ டு ஹெச்.டி.எம்.ஐ.' வேற ஆசாமி.

எல்லாம் மாட்டியாச்சா? விண்டோஸ் பட்டனோட 'பி' தட்டி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்க. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 1, 2, 3-னு கட்டம் வரும். டேபிள்ல மானிட்டர் எந்த வரிசையில இருக்கோ, அதே வரிசையில கட்டங்களை இழுத்து வையுங்க. இல்லைன்னா மவுஸ் சுவத்துல முட்டி நிக்கும். விண்டோஸ், ஷிஃப்ட், அம்பு மூணையும் சேர்த்துத் தட்டினா, திறந்திருக்கிற விண்டோ அடுத்த மானிட்டருக்குத் தாவும்.

முக்கியமா ஒண்ணு... ஷாப்பிங் போறப்போ லேப்டாப்பையும் சார்ஜரையும் பையில எடுத்துட்டுப் போங்க. கடையிலேயே மாட்டி, ரெண்டு மானிட்டர்லயும் வேற வேற படம் வந்த பிறகு காசை எண்ணுங்க!